நீலச் சீருடையும் நம் வகுப்பறையும்



தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம், "வளர்ந்து என்னவாகப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். 'டாக்டர்', 'டீச்சர்' என்னும் விடைகளுக்கிடையே 'போலீஸ்' என்னும் விடையும் தவறாமல் வரும். ஆண்பிள்ளைகள் மட்டுமல்லர், பெண்பிள்ளைகளும் சொல்வார்கள். அதே மாணவர்கள் ஆறாம் ஆண்டில் 'எனது இலட்சியம்' என்று கட்டுரை எழுதும்பொழுது மருத்துவர் இருப்பார், வழக்கறிஞர் இருப்பார், பொறியியலாளர் இருப்பார். காவலர் மட்டும் பெரும்பாலும் காணாமற் போயிருப்பார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்த ஆசையை அழித்தவர் யார்? வீடா, பள்ளியா, நாளிதழ்ச் செய்தியா? இதைப் பற்றித்தான் இன்று எழுத விழைகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் காவல்துறையில் சேர வேண்டும். ஆனால், 'நம்மவர் இத்தனை பேர் இருக்கிறார்கள்' என்று கணக்குக் காட்டுவதற்காக மட்டும் அன்று. சீருடையை அணிந்த பிறகும் சரியைச் சரி என்றும் தவற்றைத் தவறு என்றும் சொல்லக்கூடிய காவலராக அவர்கள் உருவாக வேண்டும். அப்படிப்பட்ட காவலரைப் பயிற்சி மையம் மட்டும் உருவாக்கிவிட முடியாது. அந்தப் பயிற்சி நம் வகுப்பறையில் தொடங்குகிறது. அதை நாம் ஒழுங்காகச் செய்கிறோமா என்பதே என் கேள்வி.

பூச்சாண்டியும் மாத்தா-மாத்தாவும்

அக்காலத்தில் இந்நாட்டு மக்கள் காவலரை 'மாத்தா-மாத்தா' என்று அழைத்தனர். மலாய்மொழியில் 'மாத்தா' என்றால் கண். தோட்டப்புறத் தமிழர்களும் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சோறு உண்ண மறுக்கும் பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டிய வீட்டில் மாத்தா-மாத்தாவையும் காட்டினார்கள். தோட்டம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. இன்றும் பேரங்காடியில் அழும் பிள்ளையிடம், "அதோ போலீஸ் வராரு, பிடிச்சிட்டுப் போயிடுவாரு" என்று சொல்லும் பெற்றோரைக் காண்கிறோம்.

இது விளையாட்டாகச் சொல்லும் சொல்தான். ஆனாலும் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். கடைவீதியில் வழி தவறிப்போன பிள்ளை முதலில் யாரிடம் ஓட வேண்டும்? காவலரிடம். அந்தக் காவலரைக் கண்டே அஞ்சி ஒளியும்படி நாமே பழக்கி வைத்திருக்கிறோம். அச்சத்தோடு பார்க்கும் ஒன்றைப் பிள்ளை பிற்காலத்தில் ஆசையோடு தேர்ந்தெடுக்குமா? அப்படியே தேர்ந்தெடுத்தாலும், 'பிறரை அச்சுறுத்தும் வேலை இது' என்னும் எண்ணத்தோடு அன்றோ தேர்ந்தெடுக்கும்?

பெற்றோரின் தயக்கம் பொய்யன்று

பெற்றோர்கள் காரணமில்லாமல் தயங்கவில்லை. குறிப்பாக, சுபாங் ஜெயாவில் வாழும் நமக்கு அந்தக் காரணம் தொலைவில் இல்லை.

2009 ஜனவரியில் கார் திருட்டுத் தொடர்பான ஐயத்தின்பேரில் கைது செய்யப்பட்ட அ. குகன் என்னும் இளைஞர், யூ.எஸ்.ஜே. தைப்பான் காவல் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தபொழுது ஜனவரி 20ஆம் நாள் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் சவப்பரிசோதனை. குடும்பத்தார் கேட்டு நடத்தப்பட்ட இரண்டாவது பரிசோதனை, அவர் உடலில் அடிபட்ட காயங்கள் நிறைந்திருந்ததை வெளிப்படுத்தியது. 2013 ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் இம்மரணத்திற்குக் காவல்துறையே பொறுப்பு என்று தீர்ப்பளித்து, குடும்பத்தாருக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பின்னர் மேல்முறையீடுகளில் தொகை குறைந்தது, பொறுப்பு நீங்கவில்லை.

இவ்வழக்கில் நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. குகனுக்குக் காயம் விளைவித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2012இல் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட ஒரே ஒரு காவலரும் நம்மவர்தாம். 'ஒருவர் மட்டும்தானா செய்தார்?' என்னும் கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் இருக்கிறது. அதை வழக்கறிஞர்களிடம் விடுவோம். ஆசிரியனாகிய எனக்கு எழும் கேள்வி வேறு. இந்திய இளைஞர் ஒருவர் தடுப்புக்காவலில் இருந்த இடத்தில் சீருடை அணிந்த இந்தியர் ஒருவரும் இருந்திருக்கிறார். அது அந்த இளைஞரைக் காப்பாற்றவில்லை. ஏன்?

'காவல்துறையில் நம்மவர் எண்ணிக்கை உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று மேடைகளில் பேசுவோர் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

நாம் ஏன் உள்ளே இருக்க வேண்டும்?

எண்ணிக்கை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. காவல் படையில் நம் பங்கு அந்த அளவை எட்டவில்லை. தமிழ் மட்டுமே நன்றாகப் பேசத் தெரிந்த மூதாட்டி ஒருவர் சங்கிலி பறிபோன பதற்றத்தோடு நிலையத்திற்கு வருகிறார். கணவனிடம் அடிபட்ட பெண் நள்ளிரவில் வருகிறார். தம் துயரைச் சொந்த மொழியில் சொல்லவும், அதைக் கேட்டுத் தேசிய மொழியில் பிழையில்லாமல் எழுதித் தரவும் ஒருவர் அங்கே இருந்தால் புகாரின் தரமே மாறிவிடும். நீதியின் முதற்படியே அந்தப் புகார்த்தாள் அன்றோ?

'நம்மவர் உயர முடியாது' என்னும் பேச்சும் முழு உண்மையன்று. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் பினாங்கு மாநிலக் காவல்துறைத் தலைவர் பொறுப்பை டத்தோ ஏ. தெய்வீகன் ஏற்றார். அவருக்குப்பின் அப்பொறுப்புக்கு வந்தவர் டத்தோ டி. நரேனசேகரன். ஜொகூர் மாநிலக் காவல்துறைத் தலைவராக டத்தோ எம். குமார் பணியாற்றினார். பெண்பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் ஒரு செய்தி. 1955ஆம் ஆண்டிலேயே, அதாவது விடுதலைக்கு முன்பே, மலாயாக் காவல் படையில் பெண்கள் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். அதனால் 'பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?' என்னும் கேள்வி காலங்கடந்தது.

பயிற்சியில் என்ன நடக்கிறது?

பெற்றோர்கள் பலருக்கு இத்துறையில் சேரும் வழி தெரியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கான்ஸ்டபிள் பணிக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் வேண்டும், அதில் மலாய்மொழித் தேர்ச்சி இன்றியமையாதது. வரலாற்றுப் பாடமும் 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாகிவிட்டது. ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157 சென்டிமீட்டர் குறைந்தளவு உயரமாகக் கேட்கப்படுகிறது. உடல் எடை உயரத்திற்கேற்ப இருக்க வேண்டும். நிறக்குருடு இருத்தல் கூடாது. பச்சை குத்தியிருத்தலும் குற்றப்பதிவும் தடைகளாகும். உடற்றிறன் தேர்வு, மருத்துவச் சோதனை, நேர்முகம், பின்னணிச் சோதனை ஆகியவற்றைக் கடந்தவரே பயிற்சிக்கு அழைக்கப்படுவார். இன்ஸ்பெக்டர் பணிக்குக் கல்வித் தகுதி இதனினும் கூடுதலாக வேண்டும்.

பயிற்சி நடைபெறும் இடத்தை 'புலாப்போல்' என்பார்கள். கோலாலம்பூர்ப் புலாப்போல் பழைய கர்னி சாலையில் இருக்கிறது. அச்சாலை பின்னர் ஜாலான் செமாராக் ஆயிற்று. 2014இல் ஜாலான் சுல்தான் யாஹ்யா பெத்ரா எனப் பெயர் மாறிற்று. லங்காவி, சிகாமட், கூச்சிங் முதலிய இடங்களிலும் பயிற்சி மையங்கள் உண்டு. கான்ஸ்டபிளுக்கான அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ ஆறு மாதம். விடியலுக்கு முன்னே எழுதல், ஓட்டம், அணிநடை, தற்காப்பு, துப்பாக்கிப் பயிற்சி ஆகியவை ஒரு பக்கம். குற்றவியல் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், புலனாய்வு, அறிக்கை எழுதுதல் ஆகியவை மறுபக்கம். வீட்டை விட்டுப் பிரிந்து பாசறையில் எல்லா இனத்தாரோடும் ஒன்றாக உண்டு உறங்கி வாழ வேண்டும். இறுதியில் பெற்றோர் முன்னிலையில் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடைபெறும்.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லத் தோன்றுகிறது. நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் அது மூன்று ஆண்டு டிப்ளோமாக் கல்வி. செய்முறைப் பயிற்சியின்பொழுது விரிவுரையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நம் ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்வார். பாடம் முடிந்ததும், "அந்த மாணவன் கை உயர்த்தினானே, ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்பார். எழுதுகோலைக் கையிலெடுக்க மூன்று ஆண்டு. துப்பாக்கியைக் கையிலெடுக்க ஆறு மாதம்!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் நகரக் காவலரும் மாவட்ட ஷெரீப்பின் கீழ்ப் பணியாற்றுவோரும் பெறும் அடிப்படைப் பயிற்சி சராசரியாக இருபது வாரங்களே. நோர்வே நாட்டிலோ காவலராவதற்கு மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. எது சரி என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. ஆறு மாதத்தில் உடலை முறுக்கேற்றலாம். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்விக்கலாம். நெஞ்சுரத்தையும் இரக்கத்தையும் புதிதாக விதைத்து வளர்க்க ஆறு மாதம் போதாது. அவை முன்பே விதைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நிலம் நம்மிடம்தான் ஆறு ஆண்டு இருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

நம் நாட்டை விட்டுச் சற்றுத் தமிழ்நாட்டுக்குச் செல்வோம். அங்கே காவலரும் தமிழர், கைதியும் தமிழர். மொழிச்சிக்கலுமில்லை, இனச்சிக்கலுமில்லை. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்யப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டு, சில நாள்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். மத்தியப் புலனாய்வுத்துறை ஒன்பது காவலர்கள்மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒரே மொழி பேசியது அந்தத் தந்தையையும் மகனையும் காக்கவில்லை.

ஆனால், அதே நிலையத்தில் ரேவதி என்னும் தலைமைக் காவலர் ஒருவரும் இருந்தார். விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் அன்றிரவு தாம் கண்டதை அவர் சாட்சியமாகச் சொன்னார். உடன் பணியாற்றியவர்களும் மேலதிகாரிகளும் சூழ்ந்திருந்த நிலையில், தம் வேலைக்கும் குடும்பத்திற்கும் என்ன நேருமோ என்னும் அச்சத்தோடுதான் சொன்னார். அஞ்சியும் சொன்னார் என்பதே இங்குப் பெரிது. நம் பிள்ளைகள் காவலராக வேண்டும் என்று நான் எழுதும்பொழுது என் மனக்கண்ணில் நிற்பவர் அவரே.

இன்னொன்றையும் பாருங்கள். 2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்பவரின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை அழுத்தி வைத்திருந்ததை உலகமே பார்த்தது. அக்காவலர் பத்தொன்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவருடன் இருந்த மூவரில் இருவர் பயிற்சி முடித்துத் தனித்துப் பணியேற்று ஒரு வாரமும் நிறையாதவர்கள். அவ்விருவரில் ஒருவருக்குக் களப்பயிற்சி தந்தவரே அந்த மூத்த காவலர்தாம். மற்றொரு புதியவர், "இவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா?" என்று இருமுறை கேட்டார். மூத்தவர் மறுத்தார். கேட்டவர் அடங்கிவிட்டார். ஃபிளாய்ட் இறந்தார், புதியவர் இருவரும் சிறை சென்றனர்.

அந்தப் புதியவருக்குச் சரி எது என்று தெரிந்திருந்தது. கேள்வி கேட்கும் அளவிற்கு மனமும் இருந்தது. மூத்தவரின் ஒரு சொல்லைத் தாண்டிச் செல்லும் பயிற்சிதான் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவல்துறை 2016 முதல், தவறு செய்யப்போகும் சகக் காவலரை இடையிட்டுத் தடுப்பதையே ஒரு பயிற்சியாகத் தந்து வருகிறது. பதவியில் மூத்தவரை எப்படித் தடுப்பது, எந்தச் சொல்லால் தடுப்பது என்று ஒத்திகை பார்க்கிறார்கள். துணிவும் பழகப் பழக வருவதே என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் சீரமைப்பு முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. துன் முகமது சைடின் தலைமையில் 2004இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் மறு ஆண்டு 125 பரிந்துரைகளை முன்வைத்தது. நெடுங்காலப் பேச்சுக்குப் பிறகு, காவலர் நடத்தையைக் கண்காணிக்கும் சுயேச்சை ஆணையத்திற்கான சட்டம் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அதிகாரம் போதாது என்னும் குறையும் பேசப்படுகிறது. இவையெல்லாம் நடந்ததைப் பின்னர் ஆராயும் ஏற்பாடுகள். நடக்கும் அந்த நொடியில், அந்த அறையில், "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டுமே! அவரை எந்த ஆணையம் அனுப்பி வைக்கும்?

சட்டாம்பிள்ளையின் பட்டியல்

இப்பொழுது நம் வகுப்பறைக்கு வருவோம்.

ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளை என்ன செய்கிறான்? வெண்பலகையின் ஓரத்தில் பேசியவர்களின் பெயரை எழுதுகிறான். தன் நண்பன் பேசினால் எழுதுவதில்லை; தனக்குப் பிடிக்காதவன் இருமினாலும் எழுதிவிடுகிறான். "நான் பேசல!" என்று ஒருவன் மறுத்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். மீண்டும் மறுத்தால் இன்னொரு குறி. ஆசிரியர் வருகிறார். பட்டியலைப் பார்க்கிறார். "பேர் இருக்கிறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார். விசாரணை முடிந்தது, தண்டனை தொடங்குகிறது.

இதைப் படித்துப் பலர் புன்னகைப்பீர்கள். ஆனால், இதில் அடங்கியிருக்கும் பாடங்களை எண்ணிப் பாருங்கள். அதிகாரம் பெற்றவன் தன் ஆள்களைக் காப்பாற்றலாம் என்பது ஒரு பாடம். மறுத்துப் பேசினால் குற்றம் இரட்டிப்பாகும் என்பது இன்னொரு பாடம். குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்பது மூன்றாம் பாடம். இவற்றை ஒன்பது அகவையில் கற்றுக்கொண்ட பிள்ளை இருபது அகவையில் சீருடை அணிந்தால், புலாப்போலில் ஆறு மாதம் சொல்லித் தரும் சட்டம் இவற்றை அழித்துவிடுமா?

இந்நாட்டின் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி, கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணத்தைக் கூடிய விரைவில் அறிவிக்க வேண்டும் என்கிறது. 24 மணி நேரத்திற்குள் அவரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள அவருக்கு உரிமை தருகிறது. இவை பெரியவர்களுக்கான சட்டங்கள். இவற்றின் உட்பொருள் மட்டும் சிறு பிள்ளைக்கும் எளிதில் விளங்கும்: *என்ன குற்றம் என்று சொல்; அவன் சொல்வதையும் கேள்; முடிவை வேறொருவரிடம் விடு.*

சட்டாம்பிள்ளைக்கும் மாணவர் தலைவர்களுக்கும் இதைப் பழக்க ஒரு குறிப்பேடு போதும். வெறும் பெயர்ப் பட்டியலுக்கு மாறாக, 'எப்பொழுது, எங்கே, என்ன கண்டேன்' என்று இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். தன் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்தெழுதச் சொல்லுங்கள். அதன்கீழ் மற்ற மாணவனும் தன் பக்கத்தை எழுதட்டும். இரண்டையும் படித்த பிறகு ஆசிரியர் முடிவு சொல்லட்டும். நேரம் சற்றுக் கூடுதலாகும், மறுப்பதற்கில்லை. ஆனால், இது நல்ல மொழிப்பயிற்சியும் ஆகும், நல்ல காவலர் பயிற்சியும் ஆகும்.

இன்னொரு சிக்கல் இதனினும் ஆழமானது. இடைவேளையில் பெரிய மாணவன் ஒருவன் சின்னப் பிள்ளையின் காசைப் பறிக்கிறான். அதைக் கண்ட மாணவன் ஆசிரியரிடம் வந்து சொல்கிறான். மறுநாள் முதல் அவனுக்குக் 'கோள்மூட்டி' என்னும் பட்டம். சில வேளைகளில் நாமும், "உன் வேலையைப் பார், ஊர்க்கதை எதற்கு?" என்று அனுப்பிவிடுகிறோம். கோள் சொல்வது வேறு. சாட்சி சொல்வது வேறு. பிறருக்குத் தீங்கு வரட்டும் என்று சொல்வது கோள். தீங்குக்கு ஆளானவரைக் காக்கச் சொல்வது சாட்சி. இவ்வேறுபாட்டை நன்னெறிப் பாடத்தில் ஒரு வரியாக எழுதிப் போடுவதால் பயனில்லை. சாட்சி சொன்ன பிள்ளைக்கு நாம் அரணாக நிற்பதைப் பிற பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. 'தேர்வு இருக்கிறது, நேரமில்லை' என்று புறப்பாட நடவடிக்கைகளைத் தள்ளி வைத்த காரணம் ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு இப்பொழுது இல்லை. எனவே, என் வேண்டுகோள்களை வரிசையாக வைக்கிறேன்.

1. மலாய்மொழியை அஞ்சாமல் பேசும் பிள்ளையை உருவாக்குவோம். தமிழ் நமக்கு உயிர். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், புகாரும் வாக்குமூலமும் புலனாய்வு அறிக்கையும் தேசிய மொழியில்தான் எழுதப்படுகின்றன. இருமொழியும் கைவரப்பெற்ற காவலரே நம் மூதாட்டிக்கு உதவ முடியும். எழுத்துத் தேர்வில் தேறியும் வாய்திறந்து பேசத் தயங்கும் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கூடுதலாகத் தேவை.

2. உடற்கல்விப் பாடத்தைக் கணிதத்திற்குக் கடன் கொடுக்காதீர்கள். ஓட்டமும் தாண்டலும் பதினெட்டாம் அகவையில் திடீரென்று வருவன அல்ல. தொலைபேசித் திரையும் இனிப்பு நீரும் பிள்ளைகளின் உடலை என்ன செய்கின்றன என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள்.

3. சீருடை இயக்கங்களை ஒப்புக்கு நடத்த வேண்டா. தொடக்கப்பள்ளியில் சாரணர் இயக்கமும் இளம் கேடட் படையும், இடைநிலைப்பள்ளியில் போலீஸ் கேடட் படையும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் படிவம் ஒன்றுக்குச் செல்லும்பொழுது போலீஸ் கேடட்டில் சேரச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள். எல்லா இனத்தாரோடும் ஒரே அணியில் நடந்து பழகியவருக்குப் பயிற்சி மையத்தின் பாசறை அந்நியமாகத் தோன்றாது.

4. காவலரைப் பள்ளிக்கு அழையுங்கள். பள்ளிகளுக்கென்று காவல்துறையில் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். போதைப்பொருள் பற்றிப் பேச மட்டுமே அவரை அழைக்கிறோம். ஒருமுறையேனும் தம் பணியைப் பற்றிப் பேச அழைப்போம். "நீங்கள் செய்யச் சொன்னது தவறு என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

5. பெற்றோர்களே, பூச்சாண்டிப் பட்டியலிலிருந்து காவலரை எடுத்துவிடுங்கள். அதே வேளையில் உரிமைகளையும் வீட்டில் பேசுங்கள். காவலரை மதிக்கும் பிள்ளை தன் உரிமையை அறிந்த பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டும் முரணல்ல.

6. போக்குவரத்துக் காவலர் நிறுத்தும்பொழுது பின்னிருக்கையில் பிள்ளை இருக்கிறது என்பதை மறவாதீர்கள். ஐம்பது வெள்ளியை மடித்து நீட்டும் தந்தையின் கை, 'இலஞ்சம் கொடாதே' என்று நான் ஓராண்டு நடத்தும் பாடத்தை ஒரு நொடியில் அழித்துவிடும்.

'இவ்வளவும் செய்து, பிள்ளை காவலர் ஆகாவிட்டால்?' என்று கேட்கலாம். ஆகாவிட்டால் என்ன? நேர்மையான நகராண்மை அமலாக்க அதிகாரியாகலாம். சாலைப் போக்குவரத்துத் துறையிலோ குடிநுழைவுத் துறையிலோ சுங்கத்துறையிலோ பணியாற்றலாம். கேட்டு எழுதி முடிவு செய்யப் பழகியவன் எந்த அலுவலகத்தில் அமர்ந்தாலும் அங்கு வரும் எளியவருக்கு நிழலாவான். இழப்பு எதுவுமில்லை.

யூ.எஸ்.ஜே. என்று இன்று நாம் அழைக்கும் இந்த நிலம் முன்னாளில் சீஃபீல்டு தோட்டம். அங்கே பால்மரம் வெட்டிய நம் முன்னோர்களுக்குக் காவல் நிலையம் என்பது அழைக்கப்பட்டால் மட்டும் கைகட்டிச் செல்லும் இடம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மேசைக்கு அப்புறம் அமர்ந்து, வருபவரை "உட்காருங்கள் பாட்டி, என்ன நடந்தது?" என்று கேட்கும் நிலைக்கு வர வேண்டும். பாட்டி சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் அதே பணிவோடு கேட்க வேண்டும்.

நாளை காலை உங்கள் வகுப்பில் யாரேனும் ஒரு பிள்ளை, "நான் போலீஸ் ஆகப் போறேன் சார்" என்று சொன்னால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். "நல்லது. ஆகி, யாரைக் காப்பாற்றுவாய்?" என்று கேளுங்கள். விடை என்னவாக இருந்தாலும் பொறுமையாகக் கேளுங்கள். மாற்றுக் கருத்துடைய ஆசிரியர்களும் பெற்றோர்களும் தாராளமாக எழுதலாம், கலந்து பேசுவோம்.